எல்லாரும் ஏறியாச்சோ?

சில வருடங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை அதிகாலை பாரிஸின் லா ஷப்பலிலிருந்து லூர்து மாதா கோயிலுக்குப் பஸ் பிடித்துப் போனோம். சைவக்காரரும் கத்தோலிக்கரும் சேர்ந்துதான் போவோம். ஆட்களைச் சேர்த்தவன் நான். உணவகமொன்றில் கோப்பை கழுவும் ராணி அக்கா தனியாக வந்திருந்தார்.

மதியம் நெடுஞ்சாலையோரக் கடையொன்றின் முன் பஸ்ஸை நிறுத்திச் சாப்பிட்டோம். புறப்படும்போது, “எல்லாரும் ஏறியாச்சோ?” என்று கத்தினேன். “ஓம்!” என்று பஸ்ஸே அதிர்ந்தது. ஏறியவர்கள்தானே பதில் சொல்வார்கள்! எழும்பிப் போய்த் தலைகளை எண்ண எனக்குப் பஞ்சி.

ஒரு மணி நேரம் கழித்துத்தான், ராணி அக்காவின் இருக்கையில் கைப்பையும் போனும் மட்டும் கிடப்பதைக் கண்டேன்.

திரும்பிப் போனபோது மழை கொட்டியது. பஸ் நின்ற அதே இடத்தில் அவர் நனைந்தபடி நின்றார்.

“கடைக்குள்ளை போய் நிண்டிருக்கலாமே, அக்கா?”

“நீங்கள் வந்து, என்னைக் காணேல்லையெண்டு போயிட்டால்?” என்றார். பிறகு என் முகத்தைப் பாராமலே சொன்னார்: “ஊரிலை சண்டைக்குள்ளை சனத்தோடை ஓடேக்கை, தண்ணி அள்ள எண்டு ட்ராக்டராலை இறங்கினனான், தம்பி. திரும்பிப் பாக்க ட்ராக்டர் இல்லை. என்ரை மகள் அதிலை இருந்தவள். இருட்டும்வரை அதிலையே நிண்டனான். ஒருத்தரும் வரேல்லை. இண்டைக்கும் அவளைத் தேடுறன்.”

பயணத்தில் இரண்டு மணி நேரம் வீணானது என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

லூர்திலிருந்து திரும்பும் வழியில், பஸ் நின்ற இடத்திலெல்லாம் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினேன். ராணி அக்காவை எண்ணத் தேவையே இருக்கவில்லை. பாரிஸ் வந்து சேரும்வரை அவர் பஸ்ஸை விட்டு இறங்கவேயில்லை.