ஆசாமி என்று எழுதியவர்

போடியிலிருந்து செய்திக் கவர் கொண்டுவரும் கண்டக்டர் சென்ற வியாழக்கிழமை தேனியில் வெறுங்கையோடு இறங்கினார். "சுருளிவேல் அண்ணே போயிட்டாருங்க. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாராம்" என்றார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் நாளிதழின் போடி நிருபராக இருந்தவர். அவர் எழுதியவற்றைத் தேனியில் வாங்கி மதுரை அலுவலகத்துக்கு அனுப்பியவன் நான். அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய வேகமும் கேலியும் நினைவிருக்கும். நான் சொல்ல விரும்புவது, ஒரு சொல்லால் அவர் பட்ட பாடு.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில், போடிமெட்டுச் சாலைக்குக் கீழே ஒருவர் இறந்து கிடந்தார். "பள்ளத்தில் ஆசாமி பிணம், அருகில் ஏலக்காய் மூட்டை" என்று அண்ணன் எழுதினார். அப்படியே அச்சானது. காய் திருடிக்கொண்டு இறங்கியவன் என்றே படித்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இறந்தவர் சிலமலை கருப்பையா, தோட்டத் தொழிலாளி. ஜீப் பழுதாகி நின்றதால், கங்காணி சொல்லித்தான் மூட்டையைச் சுமந்து குறுக்குப் பாதையில் இறங்கியிருக்கிறார். கங்காணியே பிறகு போலீசில் அதை ஒப்புக்கொண்டார். பழைய சங்கதி என்று அண்ணன் அதை அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை. கருப்பையாவின் மனைவி பேச்சியம்மாவை மலைத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் ஏற்றிக்கொள்ள மறுத்தன. களவாணி வீட்டு ஆளாம்.

பேச்சியம்மா அண்ணனைத் தேடி வந்த அன்று நானும் போடியில் இருந்தேன்.

"எம் புருசனுக்குப் பேரு இல்லையாண்ணே?"

"ஆசாமின்னா ஆளுன்னுதான் ஆத்தா அர்த்தம். களவாணின்னா எழுதுனேன்?"

"அப்ப எங்க மொதலாளிய ஒருநா ஆசாமின்னு எழுதிக் காட்டுங்க, பாப்போம்."

அண்ணன் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் ஊர் வாசகசாலையில் பழைய நாளிதழ்க் கட்டுகளை அவிழ்த்து உட்கார்ந்தார். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, எடைக்குப் போடப் போறீகளா?" என்றார். "ஒரு ஆசாமியத் தேடுறேன் அப்பு" என்றார் அண்ணன்.

முதலில் அவருக்கு மகிழ்ச்சிதான். பழைய செய்திகளில் மாடு முட்டியவரும் ஆசாமி, கிணற்றில் விழுந்தவரும் ஆசாமி, தொலைந்த பையை எடுத்துக் கொடுத்தவரும் ஆசாமி. "பாத்தியா மாப்ளே, குத்தமே இல்லாத சொல்லு. நம்ம காலத்துலதான் அதுக்குக் களவாணி மூஞ்சி ஒட்டிக்கிருச்சு."

சில வாரங்கள் கழித்து நான் போனபோது அவர் இரண்டு செய்திகளை என் முன் தள்ளிவைத்தார். இரண்டும் கிணற்றில் விழுந்து இறந்தவர்கள் பற்றியவை. ஒருவர் ஆசாமி. மற்றவருக்குப் பெயர், தகப்பனார் பெயர், மிராசுதார் என்ற பட்டம்.

"அத்தனை கட்டுலயும் காணி வச்சிருக்க ஆசாமி ஒருத்தனக்கூடக் காணோம். சொல்லு மேல தப்பில்லைன்னு காட்டத்தான் உக்காந்தேன். அந்தம்மா அன்னைக்கே சொல்லிருச்சு."

அன்றே திருத்தம் எழுதிக் கொடுத்தார். மதுரையிலிருந்து வந்த பதில், "ஆசாமின்னா ஆளு. ஆளை ஆளுன்னு போட்டதுக்கு என்னய்யா திருத்தம்?" அண்ணன் பேச்சியம்மாவிடம் சொன்ன அதே வாதம். நான் வற்புறுத்தவில்லை.

அண்ணனே சிலமலைக்குப் போய், கருப்பையா களவாணி இல்லை, அப்படி எழுதியது தன் தவறு என்று சொன்னார்.

"நீங்க சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமாண்ணே? ஊருக்கு யாரு சொல்றது?" என்று கேட்டாராம் பேச்சியம்மா.

மலை வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ராசிங்காபுரம் பக்கம் களையெடுக்கப் போனார்.

அதன் பின் பெயரில்லாத சாவுச் செய்தி அண்ணனிடமிருந்து வந்ததில்லை. ஒருமுறை விபத்துச் செய்தி ஒரு நாள் தாமதமாக வந்தது. கடிந்துகொண்டேன். "அஞ்சு பேருல ஒருத்தர் பேரு நேத்து கெடைக்கல" என்றார். கேலியெல்லாம் அவரிடம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது, அச்சேறாத அந்தத் தாள் ஒன்றுதான். பேச்சியம்மா இன்னும் சிலமலையில் இருக்கிறார். அண்ணன் எழுதியபடியே தருகிறேன்:

"திருத்தம்: போடிமெட்டுப் பள்ளத்தில் இறந்து கிடந்தவர் ஆசாமி அல்ல. சிலமலை கருப்பையா. தோட்டத்துக் காயைத் தோட்டத்தார் சொல்லிச் சுமந்து வந்தபோது வழுக்கி விழுந்தார். பெயரைக் கேட்காமல் எழுதியது என் தவறு."