படிக்காமல் தட்டிய பட்டன்

எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்குங்க. அஞ்சாவதோடு நின்றவள் நான், ஞாபகமும் பாதி தங்குவதில்லை.

அரியலூரில் மருமகளோடு இருக்கிறேன். சுண்ணாம்புப் பாறையில் கிடைக்கும் சிப்பிக் கல், நத்தைக் கல் பற்றி மூன்று வருஷமாக லேப்டாப்பில் ஆராய்ச்சி எழுதுகிறாள். அந்த லேப்டாப் கிளம்பவே நேரமாகும். அதனால் குளிக்கப் போகும்போது, "அத்தை, ஆன் பண்ணி வைங்க. கறுப்புத் திரையில எழுத்து வந்தா இந்தப் பட்டனத் தட்டுங்க, போயிடும்" என்பாள். இங்கிலீஷ் தெரியாத நானும் ஒரு மாசமாகத் தட்டினேன்.

ஒருநாள் உள்ளே டிக் டிக்கென்று சத்தம். அப்படியே நின்றுவிட்டது. பெரம்பலூரில் தெரிந்த கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினோம். கடைக்காரர் ஆன் பண்ணியதும் அதே எழுத்து.

"ஹார்டு டிஸ்க் போகப்போவுது, காப்பி எடுத்துக்கன்னு தினம் கத்தியிருக்கே! யாரும் படிக்கலியா?"

மருமகள் என்னைப் பார்த்தாள்.

"என்னை ஏன்டி பாக்குற? டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறது நீயா நானா?" என்று கேட்டே விட்டேன். அந்நியர் முன்னால் வாய் திறக்காதவள் நான்!

சாயங்காலம் வரை போராடி எல்லாவற்றையும் வேறு டிஸ்கில் ஏற்றினார். ஏற்றி முடித்ததும் பழையது ஒரேயடியாகப் போய்விட்டது.

புது டிஸ்கின் நிலைமையைக் காட்ட ஒரு புரோகிராம் போட்டுத் தந்தார். நீலம் என்றால் நல்லது, மஞ்சள் என்றால் உஷார், சிவப்பு என்றால் ஆபத்தாம். நீலமாக இருந்தாலும் திடீரென்று போகலாமாம். அதனால் வெள்ளிதோறும் மருமகளைக் காப்பி எடுக்க வைக்கிறேன். எழுத்து வந்தால் பட்டனைத் தொடுவதில்லை. ஈரத்தலையோடு வந்து அவளே படிக்கட்டும்.

நிறங்களை மாற்றிச் சொல்லியிருப்பேனோ என்னமோ, விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திப் போடுங்க.