சித்தி எழுதிய தமிழ்

சித்தி தன்னுடைய புத்தகத்தை முதன்முதலில் என் வாயால்தான் கேட்டாள். அச்சகத்திலிருந்து வந்த பிரதியை மடியில் வைத்து அட்டையைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டி, "படிடி, என்னாதான் எழுதிகீறேன்னு நானும் கேக்கறேன்" என்று சிரித்தாள். அது வெறும் கேலி இல்லை. சித்திக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தாத்தாவுக்கு ஹைதராபாத் ரயில்வே பணிமனைக்கு மாற்றல் வந்தபோது என் அம்மா படிப்புக்காக அரக்கோணத்திலேயே தங்கிவிட்டாள். கைக்குழந்தையான சித்தி லாலாகுடா குவார்ட்டர்ஸில் வளர்ந்து தெலுங்குப் பள்ளிக்குப் போனாள். வீட்டில் பேசியது, திட்டு வாங்கியது, அழுதது எல்லாம் தமிழில். எழுதக் கற்றது மட்டும் தெலுங்கில். அதனால் கதை எழுத ஆசை வந்தபோது தமிழ் வாக்கியங்களைத் தெலுங்கு எழுத்தில் எழுதினாள். நான் அதற்கு நேர் எதிர். அரக்கோணத்தில் படித்து, ஹைதராபாத் கச்சிபௌலியில் வேலை கிடைத்து இங்கே வந்தவள். தெலுங்கு பேசுவேன், பஸ் பலகையைப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் நூலகத்துப் புத்தகங்களை நான் அவளுக்குப் படித்துக் காட்டுவேன், அவள் எழுதியதை அவள் எனக்குப் படித்துக் காட்டுவாள். நம்ம ரெண்டு பேரையும் சேத்தாதான் படிச்ச பொம்பள ஒருத்தி தேறுவா என்பாள்.

சித்தி ஓர் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த வார்டில் வேலை பார்த்தவளுக்குக் கல்யாணத்தின் மேல் மரியாதை வருவது கஷ்டம்தான். அவள் எழுதிய எல்லாக் கதைகளும் அங்கே வந்து கிடந்த பெண்களைப் பற்றியவை. அவர்களில் ஒரு பெண்ணை அவளால் கடைசிவரை மறக்க முடியவில்லை. தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி இங்கே உப்பலுக்கு வந்த பெண், தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. வாக்குமூலம் எழுத அதிகாரி வந்தபோது சித்திக்கு வார விடுமுறை. புருஷனின் தம்பி பக்கத்தில் நின்று மொழிபெயர்த்திருக்கிறான். ஸ்டவ் வெடித்தது என்று பதிவாகிவிட்டது. மறுநாள் வேலைக்கு வந்த சித்தி தமிழில் பேசியதும் அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்டவ்வு பத்தவே வைக்கல சிஸ்டர். அவருதான் ஊத்தினாரு. கதவ வெளிய சாத்திட்டாரு" என்று சொன்னாள். அன்று மாலையே செத்துப்போனாள். சித்தி டாக்டரிடம் சொன்னாள், போலீஸிடம் போய்ச் சொன்னாள். அதான் வாக்குமூலம் இருக்கிறதே என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். "கேட்டவ நான் ஒருத்திதான், நானும் செத்துட்டா அவ சொன்னது இல்லன்னே ஆயிடும்" என்று சித்தி அடிக்கடி சொல்வாள். அவள் எழுத ஆரம்பித்ததே அந்தப் பயத்தில்தான்.

பணிமனைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தமிழ் நூலகத்தின் கூரை மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. பெண்களைப் போற்றும் எழுத்தாளர் விழா ஒன்று நடத்தி, உள்ளூர்ப் பெண் ஒருத்தியின் புத்தகத்தை வெளியிட்டு, விற்ற பணத்தில் கூரை போடலாம் என்று நூலகச் செயலாளர் யோசனை சொன்னார். ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு எழுத்தும் அறிந்தவர். சித்தியின் தாள்களை வாங்கிக்கொண்டு போய், கண்ணில் நீர் வழிய வழிய உட்கார்ந்து, அத்தனையையும் தமிழ் எழுத்துக்கு மாற்றினார். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அட்டையில் சித்தியின் பெயருக்குக் கீழே 'தமிழாக்கம்' என்று போட்டுத் தன் பெயரையும் போட்டுக்கொண்டார். தமிழில் எழுதியதை எப்படி ஐயா தமிழாக்குவது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சித்திதான், போனால் போகிறது, பெரிய மனிதர் ஆசைப்பட்டுவிட்டார் என்று என்னை அடக்கினாள்.

உள்ளே படிக்கப் படிக்க அவள் சிரிப்பு நின்றுபோனது. ஹைதராபாத் பேச்சில் அவள் எழுதிய 'நக்கோ' எல்லாம் 'வேண்டாம்' ஆகியிருந்தது. அதையும் பொறுத்துக்கொண்டாள். உப்பல் பெண்ணின் கதைக்கு வந்தபோது ஒரு வரியில் நிறுத்திவிட்டேன். "ஏன் நிறுத்திட்ட? படி" என்றாள். படித்தேன். 'அடுப்பு வெடித்துவிட்டது சகோதரி, எல்லாம் என் விதி' என்று அச்சாகியிருந்தது. சித்தி மறுபடி படிக்கச் சொன்னாள். விரலை வைத்து எந்த வரி என்று காட்டச் சொன்னாள். அவளால் படிக்க முடியாத அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கி ஒருத்தன் மாத்தினான், இன்னிக்கி இவரு" என்று மட்டும் சொன்னாள்.

நேரில் போய்க் கேட்டபோது செயலாளர் மறைக்கவில்லை. "குடும்பத்தோட வந்து போற லைப்ரரிம்மா இது. அந்தப் பொண்ணு புருஷனோட ஜனங்க இன்னும் உப்பல்லதான் இருக்காங்க. கேஸு கீஸுன்னு வந்தா நாம தாங்குவமா? அதுவும் பொம்பளைங்கள கொண்டாடற அன்னிக்கி இது எதுக்கு?" என்றார். வில்லன் மாதிரிப் பேசவில்லை, அக்கறையோடுதான் பேசினார். அதுதான் என்னை அதிகம் எரிச்சலூட்டியது. பிரதிகள் எல்லாம் அச்சாகிவிட்டன. புத்தகத்தை நிறுத்தினால் கூரை இல்லை. சித்தி யோசித்துவிட்டு, மேடையில் தான் ஒரு பக்கம் வாசிக்க வேண்டும், அது எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கக் கூடாது என்றாள். அவர் தலையாட்டினார்.

விழாவன்று சித்தி நீல வாயில் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். சென்னையிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் அம்மா பெண்மையைப் பற்றிப் பேசினார். செயலாளர் மொழிபெயர்ப்புக் கலையைப் பற்றி, சமோசா ஆறிப்போகும் வரை பேசினார். சால்வைகள் போர்த்தினார்கள். கடைசியில் சித்தியை அழைத்தார்கள். அவள் தன் தாள்களை எடுத்து, மைக்கை இழுத்து வைத்துக்கொண்டு வாசித்தாள். வார்டில் டெட்டால் வாசனை, வாழையிலை மேல் கிடந்த உடம்பு, கையைப் பிடித்த விரல்கள் எல்லாம் அவள் குரலில் வந்தன. 'கதவ வெளிய சாத்திட்டாரு' என்ற இடத்தில் அவள் குரல் உடையவில்லை. அந்தப் பெண் சொன்ன மாதிரியே சொல்லிவிட்டுத் தாளை மடித்தாள். கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. கேட்டுவிட்டார்கள், இனி இவளுக்குப் பயமில்லை என்று நினைத்தேன்.

அப்போது சிறப்பு விருந்தினர் அம்மா எழுந்து வந்து சித்தியின் தோளை அணைத்துக்கொண்டார். அட்டையைப் பார்த்திருக்கிறார், சித்தி கையில் இருந்த தெலுங்கு எழுத்தையும் பார்த்திருக்கிறார். மைக்கில் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்: "தாய்மொழி தெலுங்கு! ஆனா என்ன அழகா தமிழ் பேசறாங்க பாருங்க! இவங்களுக்கு ஒரு பலத்த கைதட்டல் குடுங்க!" எல்லோரும் தட்டினார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். அந்த மௌனம் அவர்களுக்கும் கனமாக இருந்திருக்கும், இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்துவிட்டது. செயலாளர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி கும்பிட்டாள்.

ஆட்டோவில் திரும்பும்போது சித்தி கேட்டாள், "கேட்டாங்களாடி?"

"கேட்டாங்க சித்தி."

"என்னாத்த கேட்டாங்க?"

அவள் சால்வையை மடித்து என் மடியில் வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு அவள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் படிப்பதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த மழைக்காலத்திலேயே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாள். மனசு விட்டுப்போய்ச் செத்தாள் என்றுதான் நான் இன்றும் சொல்வேன்.

நூலகத்துக்குப் புதுக் கூரை வந்துவிட்டது. சித்தியின் புத்தகம் மொழிபெயர்ப்பு அடுக்கில் இருக்கிறது. திருத்தம் போடச் சொல்லிக் கேட்டேன், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார் செயலாளர். அடுத்த பதிப்பு வராது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருநாள் அந்தப் பிரதியை வீட்டுக்கு எடுத்து வந்தேன். விதி வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, அந்தப் பெண் சொன்னதை ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். போன வாரம் மறுபடி எடுத்துப் பார்த்தால், நான் எழுதிய இடம் முழுக்க வெள்ளைத் தாள் வெட்டி நேர்த்தியாக ஒட்டியிருந்தது. நூலகத்துப் பெண்ணைக் கேட்டேன். "யாரோ கிறுக்கிட்டாங்க மேடம், செயலாளர் சார்தான் ஒட்டச் சொன்னாரு" என்றாள். மேஜையில் கிடந்த பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அவள் எதிரிலேயே உட்கார்ந்தேன். வெள்ளைத் தாளின் மேல் எழுதுவது முன்னைவிடச் சுலபமாக இருந்தது.