பஸ்ஸுக்கு வெற்றிலை பாக்கு வைத்த பாஞ்சாலை

காலமெல்லாம் கொழுந்து பறித்துப் பிள்ளையை ஆளாக்கிய பாஞ்சாலைக்கு, தானா ராத்தா டவுனுக்குப் போக வேண்டுமென்றால் மகன் மகேனின் கார்தான் கதி. கேட்டால், "அடுத்த வாரம் போலாம்மா" என்பான். அந்த அடுத்த வாரம் வந்ததே இல்லை.

அப்புறம்தான் மாவட்ட மன்றம் ஞாயிறுதோறும் தேயிலைத் தோட்டத்துக்கு இலவச பஸ் விட்டது. பாஞ்சாலைக்குத் தலைகால் புரியவில்லை! யாரிடமும் பல்லிளிக்காமல் டவுனுக்குப் போய், நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ குடித்துவிட்டு, ராணி மாதிரி திரும்பி வந்தாள். ஆனால் தொழிலாளர் லயத்து வீடுகளிலிருந்து வேறு யாரும் ஏறவில்லை.

"இது வெள்ளோட்டம்தான்கா. வர்ற ஞாயிறு ஆபீசர் வந்து பாப்பாரு. ஆள் இல்லேன்னா நிறுத்திருவாங்க" என்றார் டிரைவர் அகஸ்டின்.

மறுபடியும் மகேனிடமா? பாஞ்சாலை விடுவாளா! தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம் எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினாள். "ஞாயித்துக்கெழம குடும்பத்தோட பஸ்ஸுக்கு வந்துருங்க."

வெற்றிலை வைத்து அழைத்தபின் போகாமல் இருக்க முடியுமா? பட்டுச்சேலையும் மல்லிகையுமாக லயமே வந்து ஏறியது. பக்கத்து வீட்டு வடிவம்மாள் ஓர் எவர்சில்வர் குடத்தைப் பரிசுத் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். ஆபீசர் தினேஸ்வரன் திகைத்துப் போனார்.

"கல்யாணக் கூட்டமா? இந்த பஸ் வாடகைக்கு இல்ல லா!"

"ஐயோ சார், கல்யாணமே இல்லீங்க!" என்றாள் பாஞ்சாலை.

"அப்ப குடம்?"

"வெத்தல வெச்சுக் கூப்பிட்டா வெறுங்கைய வீசிக்கிட்டா வருவாங்க?" என்று வடிவம்மாள் சண்டைக்கு வந்தாள்.

பஸ்ஸே சிரித்தது. தினேஸ்வரனும் சிரித்தார். ஆனால் பிடி கொடுக்கவில்லை. "கூப்பிட்டு வந்த கூட்டம் கணக்குல சேராதும்மா. அவங்களா வரணும். அடுத்த வாரம் பாக்குறேன், அதான் கடைசி."

டவுனில் மற்றவர்கள் ரொட்டி சானாய் தின்றார்கள், கடை கடையாக ஏறி இறங்கினார்கள், திரும்பும்போது பாட்டும் கும்மாளமுமாக வந்தார்கள். பாஞ்சாலை மட்டும் ஜன்னலோரம் அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரம் முழுக்க அவள் தட்டைத் தொடவில்லை. கூப்பிட்டால்தான் கணக்கில் சேராதே! ஞாயிறு காலை சாமி கும்பிட்டுவிட்டு, தாமதமாகத்தான் இறங்கிப் போனாள். பஸ்ஸில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பழைய கைலியும் ஸ்வெட்டரும் சந்தைப் பையுமாக லயமே உட்கார்ந்திருந்தது. அவளுடைய ஜன்னலோர இடத்தில் வடிவம்மாள்!

"நான் கூப்பிடவே இல்லியே, எப்படிடி வந்தீங்க?"

"பஸ்ஸுக்கு யாராச்சும் வெத்தல வைப்பாங்களா? போடி!" என்றாள் வடிவம்மாள்.

தினேஸ்வரன் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தார்.

"நீங்க உக்காந்து எண்ணுங்க சார்" என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, தானா ராத்தா வரைக்கும் நின்றுகொண்டே போனாள் பாஞ்சாலை.