அண்ணனுக்கு உதவியாளனாகப் போனது

எனக்குக் குடிப்பழக்கம் இல்லை, சூது தெரியாது, வெற்றிலைகூடப் போடமாட்டேன். முப்பது வருசமாக இதைச் சொல்லித்தான் மனைவியிடம் மார்தட்டிக்கொண்டிருந்தேன். ஜனாதிபதித் தேர்தல் ஒன்று வந்து நான் எப்படிப்பட்ட ஆள் என்பதை வீட்டில் எல்லோருக்கும் காட்டிக்கொடுத்தது. எல்லோரும் என்றால் இரண்டு பேர்தான், மனைவியும் என் அண்ணனும்.

தேர்தல் அறிவித்த நாளிலிருந்து நான் செய்தியிலேயே கிடந்தேன். பல் தீட்டும் முன் போன். பிறகு மூன்று மொழிப் பத்திரிகை. சிங்களப் பத்திரிகையை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன், ஆனாலும் விடமாட்டேன். பத்து மணிக்கு யூடியூபில் ஒருவர் பேசுவார், பன்னிரண்டு மணிக்கு அவரை மறுத்து இன்னொருவர் பேசுவார், இருவரையும் கேட்டுவிட்டு இருவருக்கும் ஒன்றும் தெரியாது என்று நான் வட்ஸ்அப்பில் எழுதுவேன். பின்னேரம் கூட்டங்களின் நேரலை. எந்த ஊர்க் கூட்டத்தில் எத்தனை கதிரை காலியாகக் கிடந்தது என்பது எனக்கு மனப்பாடம். ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் இரண்டாம் விருப்பு வாக்கு எப்படி எண்ணப்படும் என்று நான் எழுதிய விளக்கம் ஊர் சுற்றி, யாரோ ஒருவர் மூலம் எனக்கே திரும்பி வந்தது. அப்போது வந்த சந்தோசம் மகள் பட்டம் வாங்கிய அன்றைக்குக்கூட வரவில்லை. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

வீட்டில் காஸ் முடிந்து இரண்டு நாளாக மனைவி மின்சார அடுப்பில் சமைத்திருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. காஸ் விலையைப் பற்றி எந்த வேட்பாளர் எந்த மேடையில் என்ன சொன்னார் என்று கேட்டிருந்தால் அப்படியே ஒப்புவித்திருப்பேன். நாட்டைப் பற்றிக் கவலைப்படுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாட்டுக்கு அதனால் ஐந்து சத லாபமில்லை.

அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னைவிட எட்டு வயது மூத்தவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கலியாணம் கட்டவில்லை. கொட்டாஞ்சேனையில் நாங்கள் பிறந்த வீட்டிலேயே தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் கோவில் மதிலோரம் நின்று சிநேகிதர்களோடு ஒரு மணித்தியாலம் அரசியல் பேசாமல் வீட்டுக்குப் போகமாட்டார். அந்த வருசத் தொடக்கத்தில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. கால் மெல்லத் திரும்பியது, கை திரும்பவில்லை. பேச்சும் போய்விட்டது. வெள்ளவத்தைக்கு, எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். அறிவில் ஒரு குறையுமில்லை. நாங்கள் சொல்வதெல்லாம் விளங்கும், பத்திரிகையும் வாசிப்பார். நினைத்ததைச் சொல்லப் போனால்தான் சொல் வராது, வந்தாலும் பாதியில் நின்றுவிடும்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ் என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். "ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் அவரோட கதைக்கணும். டிவியை நிப்பாட்டிட்டு, முகத்தைப் பார்த்துக் கதைங்க. ஒரு கேள்வி கேட்டா பத்து வரைக்கும் மனசுக்குள்ள எண்ணுங்க. அதுக்குள்ள நீங்க சொல்லை எடுத்துக் குடுக்க வேண்டாம். அவருக்கு இப்ப மருந்து இதுதான்." நான் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். அப்போது தேர்தல் அறிவித்திருக்கவில்லை. முதல் இரண்டு மாதம் ஒழுங்காகவே செய்தேன். அண்ணனுக்குத் தண்ணி, சோறு, பூசை, மல்லி என்று பத்துப் பன்னிரண்டு சொற்கள் திரும்பி வந்தன. எங்கள் மாடிக் குடியிருப்புக் காவலாளியைச் சிங்களத்தில் "மல்லி", தம்பி என்று அவர் கூப்பிட்ட அன்றைக்கு அந்த ஆள் மேலே வந்து கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு தேர்தல் வந்தது. அந்த அரை மணித்தியாலம் டிவிக்கு முன்னால் போனது. அவரும் பக்கத்துக் கதிரையில் இருந்து செய்தி பார்த்தார்தான். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் தோளைத் தட்டுவார். திரையைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுப்பார். "அ... அவ..." என்று தொடங்கி நிற்பார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அண்ணே, கொஞ்சம் பொறுங்க, இதை முடிச்சிட்டு" என்பேன். முடிவதேது. விளம்பரம் போட்டால் போனை எடுத்துக்கொள்வேன். ஒருநாள் மனைவி அடுக்களையிலிருந்து வந்து டிவிக்கு முன்னால் நின்றாள்.

"இஞ்ச பாருங்கோ, அத்தான் உங்களோட கதைக்கப் பாக்கிறார். எத்தினை தரம் தட்டுறார். அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறவன் உங்கட கூடப்பிறந்தவனோ?"

"முக்கியமான நேரத்தில வந்து மறைக்காதேயும்" என்றேன். அண்ணன் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

வாக்களிப்புக்கு ஒரு வாரத்துக்கு முன் அண்ணனே வாக்காளர் அட்டையை எடுத்துக் காட்டினார். அவர் பெயர் கொட்டாஞ்சேனையில்தான் பதிவு. வலது கை விழுந்ததால் அவர் ஒரு உதவியாளரைக் கூட்டிப்போகலாம், அதற்கு ஒரு படிவம் இருக்கிறது, கிராம சேவகரும் டொக்டரும் கையெழுத்துப் போடவேண்டும். இந்தச் சட்டமெல்லாம் எனக்கு விரல் நுனியில். ஒரே நாளில் கொட்டாஞ்சேனைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிப் படிவத்தை முடித்தேன். உதவியாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அண்ணன் என் முதுகைத் தடவினார். கண் கலங்கியிருந்தது. பேச்சுப் போனபிறகு அவரால் ஊரோடு சேர்ந்து சொல்லக்கூடியதாக மிச்சமிருந்தது அந்த ஒரு வாக்குத்தான், அது எனக்கும் தெரிந்திருந்தது. ஆனால் யாருக்குப் போடப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. நான் ஆதரித்த என் ஆளுக்குத்தான் போடுவார் என்று நானே முடிவுகட்டியிருந்தேன்.

வாக்களிப்பு நாள் காலை ஓட்டோவில் போனோம். அவர் படித்த பாடசாலைதான் வாக்களிப்பு நிலையம். வரிசையில் நின்றவர்கள் எங்களை முன்னே விட்டார்கள். பழைய துறைமுகக்காரர் ஒருவர் அண்ணனைக் கட்டிப்பிடித்தார். அதிகாரி படிவத்தைப் பார்த்துவிட்டு, சட்டப்படி தானும் கூட வந்து மறைப்புக்குப் பக்கத்தில் நின்றார். சிங்கள இளைஞர், மரியாதையானவர். சீட்டைப் பார்க்காமல் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டார்.

வாக்குச் சீட்டு ஒரு முழத்துக்கு மேல் நீளம். அத்தனை வேட்பாளர். மேசையில் விரித்தபோது கீழ்ப்பகுதி தொங்கியது. அண்ணன் இடது கைச் சுட்டுவிரலை மேலிருந்து மெல்ல இறக்கிக்கொண்டு வந்தார். விரல் ஒவ்வொரு பெயராக வந்தது. என் ஆளின் பெயரைத் தொட்டது, தாண்டியது, அடுத்த வரியில் நின்றது. அங்கேயே அழுத்தினார்.

அந்த வரியில் இருந்தவர் வெல்ல வாய்ப்பே இல்லாதவர். அவருக்குப் போடுவது குப்பைத்தொட்டியில் போடுவதற்குச் சமம் என்று நான் மூன்று குழுக்களில் எழுதியிருந்தேன். நான் என் ஆளின் வரியில் பேனாவை வைத்து, "இதுதானே அண்ணே?" என்று கேட்டேன். அவர் "அ... அ..." என்றார். தலையை அசைத்தார். ஆமாவா இல்லையா என்று விளங்காதமாதிரி அசைத்தார் என்று பிறகு பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய். இல்லை என்றுதான் அசைத்தார். நான் என் ஆளின் கட்டத்துக்குள் முதல் விருப்பு என்று 1 போட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பாரிசவாதக்காரரின் நல்ல கைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அதிகாரி திரும்பி, "ஹரித?" என்று கேட்டார். சரியா என்கிறார். நான் "ஹரி" என்றேன். சீட்டை மடித்து அண்ணனின் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பெட்டியில் போட்டார். பின்னால் ஆட்கள் நின்றார்கள், வேறென்ன செய்வார்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று அடுத்தவனைப் பற்றி எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். வாக்கு மோசடி என்று வந்த ஒவ்வொரு வீடியோவையும் கோபத்தோடு பகிர்ந்தவன் நான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் தெரியுமா? கை கழுவிவிட்டு டிவியைப் போட்டேன்.

என் ஆள் வென்றாரா தோற்றாரா என்று எழுதப் போவதில்லை. அதை எழுதினால் இதுவும் அந்தப் பேச்சாகவே முடிந்துவிடும். மறுநாள் பின்னேரம் இரண்டாம் விருப்பு எண்ணிக்கையை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணனின் கதிரை காலியாக இருந்தது. அறைக்குள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "அண்ணே, முடிவு வருது, வாங்க" என்று கூப்பிட்டேன். வரவில்லை. அப்போதுதான் எனக்கு உள்ளே எரியத் தொடங்கியது. ஆனாலும் முடிவு வரும்வரை எழும்பவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏன் அந்த மனிதர் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. துறைமுகத்தில் ஏதாவது பழக்கமோ, எங்கோ கேட்ட ஒரு பேச்சோ. அத்தனை வாரம் தோளைத் தட்டித் தட்டி அவர் சொல்லப் பார்த்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். பத்து வரை எண்ணியிருந்தால் சொல்லியிருப்பார்.

டிவியை நிறுத்தினேன். குழுக்களிலிருந்து விலகினேன். பின்னேரங்களில் அவருக்கு முன்னால் போய் இருந்து கேள்வி கேட்டேன். சாப்பாடு எப்படி, முழங்கால் நோகிறதா, வெளியே மழையா. பதில் சொல்வார், அளவாக. செய்ததை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால், அன்றைக்கு அவரிடமிருந்து வந்த அந்த "அ... அ..." தான் எனக்கும் வந்தது.

இரண்டு மாதம் போகவில்லை, பொதுத் தேர்தல் வந்தது. நான் மறுபடியும் கொட்டாஞ்சேனைக்குப் போய்ப் படிவம் வாங்கி வந்தேன். இந்த முறை ஒழுங்காகச் செய்யலாம், அதோடு கணக்குத் தீர்ந்துவிடும் என்று ஒரு கள்ள எண்ணம். படிவத்தை அவர் முன் வைத்தேன். அவர் அதை இடது கையால் நான்காக மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். பிறகு தலையணைக்குக் கீழே இருந்து ஒரு கொப்பியை எடுத்துத் திறந்து காட்டினார். பக்கம் பக்கமாக இடது கையால் புள்ளடி, வாக்குச் சீட்டில் போடும் பெருக்கல் குறி. முதல் பக்கத்தில் புழு நெளிந்தமாதிரி, கடைசிப் பக்கத்தில் கட்டத்துக்குள் நேராக. கொப்பியையும் பேனாவையும் வாங்கிக் கொடுத்தது என் மனைவி. அவளும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாக்குச் சாவடியில் நடந்ததை அவர் அவளுக்கு எப்படியோ தெரியப்படுத்தியிருக்கிறார் என்று அவள் முகத்தில் தெரிந்தது.

அன்றைக்கு அவர் பொல்லை ஊன்றிக்கொண்டு தனியாக உள்ளே போனார். நான் பாடசாலைக் கேட்டுக்கு வெளியே நின்றேன். வெளியே வர நேரமெடுத்தது. இடது கையில் மை பூசியிருந்தார்கள்.

திரும்பும்போது, ஓட்டோ காலிமுகத்திடலைத் தாண்டியதும் எனக்கு எப்படியோ வாய் திறந்தது. "அண்ணே, போன முறை நான் உங்கட விரல் நின்ற இடத்தில போடல்ல. தெரிஞ்சுகொண்டேதான் மாத்திப் போட்டன்."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காத்திருந்தேன்.

"தெரியும்" என்றார். ஒரு தடங்கலும் இல்லாமல், முழுசாக.

வெள்ளவத்தை வந்து இறங்கும்வரை அவர் வேறொன்றும் சொல்லப் பார்க்கவில்லை.