பந்த் நாளில் பவாய் ஏரிக்கு

லிஃப்டில் யாரோ பான் துப்பியிருக்கிறார்கள். அந்தப் புகையிலை வாடை மூக்கில் ஏறியதும் முந்தானையால் பொத்திக்கொண்டேன். சிறுவயதில் பவாய் ஏரிக்குப் போன நாளும் கூடவே நினைவுக்கு வந்துவிட்டது.

எண்பத்திரண்டோ மூன்றோ, அன்று பந்த். எங்கள் வீடு இருந்த தாராவியிலிருந்து ஏரிவரை ரோட்டில் ஒரு வண்டி கிடையாது. பின்னாளில் எனக்குத்தான் என்று வீட்டில் பேசிவைத்திருந்த தாய்மாமா, என்னைச் சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு போனார். காட்கோபர் தாண்டியதும் மேடும் இறக்கமுமாக ஒரே மரக்கூட்டம். அவ்வளவு பச்சையை நான் பார்த்ததேயில்லை.

பெரிய இறக்கம் ஒன்றில் சைக்கிள் பறந்தது. மாமா தலையைத் திருப்பி புகையிலை போட்ட வெற்றிலை எச்சிலைத் துப்பினார். காற்று அதை அப்படியே என் முகத்தில் அடித்தது.

"மாமா, மூஞ்சியெல்லாம் எச்சி!"

"என்னைக்கிருந்தாலும் ஒனக்கு வரப்போற மாப்ள எச்சிதானட்டி, தொடச்சுக்கோ!" என்று சிரித்துவிட்டு மறுபடியும் துப்பினார்.

ஏரியில் இறங்கி முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கன்னம் எரிந்ததே தவிர வாடை போகவில்லை. திரும்பும்போது கேரியரில் ஏற மாட்டேன் என்று பாதி வழி நடந்தேன்.

வீட்டு வாசலிலேயே அம்மா ஆசையாகக் கேட்டாள்.

"ஏட்டி, ஏரி எப்படி இருந்துச்சு?"

"ஏரி நல்லாத்தான் இருந்துச்சு. ஒன் தம்பிக்கு வேற பொண்ணு பாத்துக்கோம்மா."