விழுந்த கோபுரம்

போன மாரியில் என் மகள் ஸ்கூட்டரோடு விழுந்து, இத்தாலியின் பலெர்மோ நகர ஆஸ்பத்திரி ஒன்றில் காலில் சத்திரசிகிச்சைக்குப் போயிருந்தாள். முன்போல நடப்பாளா என்று டொக்டர் சொல்லவில்லை. மூடிய கதவுக்கு வெளியே, தான் பராமரிக்கும் மூதாட்டிக்காக ஒரு போலந்துப் பெண்ணும் காத்திருந்தார். குட்டை நரைமுடி, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். பேசும்போதெல்லாம் கைப்பையின் மேல் விரலால் வளைவு வளைவாக வரைந்தார். தன் ஊர் நகரமண்டபத்தின் முகப்பு என்றார்.

இருவருக்கும் பொதுமொழி அரைகுறை இத்தாலியன். அவர் சொன்னது என் காதில் நம் ஊர்த் தமிழாகவே நிற்கிறது.

“கட்டினவர் இத்தாலிக்காரர், சிஞ்ஞோரா. அப்ப அவையள் எங்கட ஊருக்கு வேலைக்கு வந்தவை. இப்ப நாங்கள் இஞ்சை.”

கைபேசியில் படம் காட்டினார். மூன்று அடுக்கு வளைவுகள், மேலே உயரமான கோபுரம்.

“மத்தியானத்தில மணிக்கூட்டுக்கு மேலால ரெண்டு தகர ஆடு வெளியில வந்து முட்டும். நகரசபையில ஒழுங்கா வேலை செய்யிறது அதுகள்தான்.”

என்னையும் மீறிச் சிரித்துவிட்டேன். “எவ்வளவு பழசு! அப்பிடியே நிக்குதே.”

“இல்லை. கோபுரம் யுத்தத்தில விழுந்தது. பிறகு அதேமாதிரிக் கட்டினது.”

“விழுந்த இடம் தெரியேல்லையே?”

“உங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.”

அதற்குள் கதவு திறந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

மகள் இப்போது வியா மக்வேதா தெருவில் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடக்கிறாள். விழுந்தவள் என்றே தெரியவில்லை என்கிறார்கள். ஓம் என்கிறேன். அவள் இடது காலை ஊன்றும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். அந்தப் பெண்ணும் தன் கோபுரத்தை இப்படித்தான் அண்ணாந்து பார்ப்பாரா?